பதற்றம் பரம்பரையா, பழக்கமா? – கேள்வி பதில்

சார், என் அம்மாவுக்குப் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கடும் பயமும் படபடப்பும், வரும். எனக்கும் வந்தே தீருமா?

வந்தே தீரும் என்றில்லை. மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2001-ல் ஹெட்டமா, நீல், கெண்ட்லர் என்ற ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: பேனிக் அட்டாக் திரும்பத் திரும்ப வரும் பேனிக் கோளாறில் மரபின் பங்கு சுமார் 43 சதவீதம், எப்போதும் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும் பொதுப் பதற்றக் கோளாறில் சுமார் 32 சதவீதம். இதை உங்கள் பயத்தில் 43 சதவீதம் அம்மா கொடுத்தது என்று படிக்கக் கூடாது. மக்களிடையே ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபணுவால் விளைகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. தனி ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம், காசு வீண். 1996-ல், மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளோடு தொடர்புடைய 'செரோட்டோனின் கடத்தி' மரபணுவின் ஒரு வகைக்கும் பதற்ற சுபாவத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வு வந்ததும் பெரிய பரபரப்பு. அப்புறம் பெரிய ஆய்வுகள் வர வர, இப்படி ஒற்றை மரபணுவைக் கைகாட்டிய பல முடிவுகள் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன என்பதே இன்றைய நிலை.

எனக்கு எந்தக் கவலையும் இல்லை. ஆனாலும் நடுத்தூக்கத்தில் மூச்சு முட்டி, செத்துவிடுவேன் போல எழுந்திருக்கிறேன். இது எப்படி மனசு சம்பந்தப்பட்டதாகும்?

நல்ல கேள்வி. முதலில் இதயம், தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது இவற்றையெல்லாம் டாக்டரிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், மேலே படியுங்கள்.

35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுத்தால், பேனிக் கோளாறு உள்ள பலருக்கு உடனே அட்டாக் வருகிறது. மூச்சடைப்பைக் கண்காணிக்கும் மூளையின் அலாரம் இவர்களுக்குச் சும்மாவே அடித்துவிடுகிறது என்று 1993-ல் மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் விளக்கினார். 2013-ல் இன்னொரு ஆச்சரியம். பயத்தின் இருப்பிடம் என்று நாம் நினைக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி இருபுறமும் சிதைந்துபோன மூன்று பேர், பாம்புக்கும் அஞ்சாத ஒரு பெண் உட்பட, இந்தக் காற்றை இழுத்ததும் அலறிவிட்டார்கள். ஆக, உடம்புக்குள்ளிருந்து எழும் பயத்துக்குத் தனி வழி இருக்கிறது. உங்களுக்குக் கவலை இல்லாமலே அட்டாக் வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இந்த அலாரம் எவ்வளவு சீக்கிரம் அடிக்கும் என்பதில் மரபுக்குப் பங்குண்டு. அதோடு, சிறுவயதில் பெற்றோரை இழந்தவர்களிடமும் பிரிந்தவர்களிடமும் இந்த உணர்திறன் கூடுதலாக இருப்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டின. மரபா சூழலா என்று பிரித்து வைக்க முடியாத இடம் இது.

நான் எதற்கெடுத்தாலும் பதறுவேன். என் குழந்தை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வாளா?

ஓரளவு, ஆமாம். ஆய்வகத்தில் வளர்ந்து பாம்பையே பார்க்காத குரங்குகள், வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு பயப்படுவதை வீடியோவில் பார்த்தே பயத்தைக் கற்றன. அதே குரங்கு பூவைக் கண்டு பயப்படுவதுபோல வெட்டி ஒட்டிக் காட்டியபோது கற்கவில்லை. எதைச் சுலபமாகக் கற்கலாம் என்பதில் பிறவிக்கும் கை இருக்கிறது.

2015-ல் ஸ்வீடனின் இரட்டையர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வில், பதற்றம் மரபணுவைவிட வீட்டுச் சூழல் வழியாகவே பிள்ளைகளுக்குப் போனதாகத் தெரிந்தது. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது, ஏனென்றால் சூழலில் நாம் கை வைக்கலாம். பயத்தை மறைத்து நடிக்க வேண்டியதில்லை. "அம்மாவுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, ஆனாலும் போகலாம்" என்று சொல்லி, அவள் கண்முன்னே போய்விட்டு வாருங்கள்.

காபி?

ஏறக்குறைய ஐந்து கப் அளவு காஃபீன் கொடுத்தபோது பேனிக் கோளாறு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அட்டாக் வந்தது. குறைத்துப் பாருங்கள்.

மரபு என்றால் மாத்திரைதான் வழியா?

இல்லை. மாத்திரையும் உதவும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (CBT) உதவும். அந்தச் சிகிச்சையில் வேகமாக மூச்சுவிட வைத்தும், படியேற வைத்தும் படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். இதயம் வேகமாக அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அம்மாவிடமிருந்து வந்த படபடப்புக்கும் இதே வைத்தியம்தான்.