சாரா மாறி எது, சார்ந்த மாறி எது? தனி ஊசலை வைத்துப் பார்ப்போம்

‘காலம் எப்போதுமே சாரா மாறிதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று அளந்து பார்ப்பது சார்ந்த மாறி. எந்த அளவு எதுவாகும் என்பதை சோதனையின் கேள்விதான் முடிவு செய்கிறது.

தனி ஊசலில் (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு) நீளத்தை 25, 50, 100 செ.மீ. என்று மாற்றுகிறோம். அது சாரா மாறி. அலைவு நேரம், அதாவது குண்டு ஒரு முறை போய்த் திரும்பி வரும் நேரம், ஏறத்தாழ 1.0, 1.4, 2.0 நொடி வரும். இங்கே காலம்தான் சார்ந்த மாறி! குண்டின் நிறை, விலக்கும் கோணம் (10 டிகிரிக்குள்) இரண்டையும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

பலரும் சறுக்குவது அடுத்த சோதனையில். நிறையின் விளைவைப் பார்க்க அதே நூலில் பெரிய குண்டைக் கட்டுவார்கள். ஊசலின் நீளம் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. ஆரம் 1 செ.மீ. கூடினால் நீளமும் 1 செ.மீ. கூடிவிடும். இரண்டு மாறிகள் சேர்ந்து மாறியபின் எதனால் நேரம் கூடியது என்று சொல்ல முடியாது. நூலை அந்த அளவுக்குக் குறைத்துக் கட்டுங்கள்.

ஒரே அலைவை அளக்காதீர்கள். கை தாமதமே 0.2 நொடி இருக்கும். 20 அலைவுக்கு அளந்து வகுத்தால் பிழை 0.01 நொடியாகச் சுருங்கும். கடிகாரத்தை அழுத்தும்போது ‘பூஜ்யம்’ என்று எண்ணத் தொடங்குங்கள். ‘ஒன்று’ என்று தொடங்கினால் கிடைப்பது 19 அலைவுதான்.

வரைபடத்தில் நீளம் கிடை அச்சில், அலைவு நேரத்தின் இருமடி (வர்க்கம்) செங்குத்து அச்சில். நேர்கோடு வரும்.