சிங்கப்பூர்ல 5 நாள், 4 வயசு பாப்பா, முட்டி வலி அம்மா: எந்த மிருகத்தை எப்போ பாக்கலாம்?

கேள்வி: வணக்கம் சார், நாங்க திருச்சி. டிசம்பர் ரெண்டாவது வாரம் சிங்கப்பூர் போறோம், 5 நாள். நான், வீட்டுக்காரி, 8 வயசு பையன், 4 வயசு பொண்ணு, அப்புறம் எங்க அம்மா, அவங்களுக்கு 66, முட்டி வலி உண்டு. பையனுக்கு மிருகம்னா உயிர். மண்டாய்ல நாலஞ்சு பார்க் இருக்குன்னு சொல்றாங்க, ட்ராவல்ஸ்காரர் எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு ஒரு காம்போ தர்றாரு. வாங்கலாமா? நைட் சஃபாரிக்கு சின்னப் பொண்ணை கூட்டிட்டு போனா தூங்கிடுவாளா? ஜூவுக்கு வெளியில நிஜமாவே காட்டு விலங்கு பாக்க முடியுமா, இல்ல சும்மா சொல்றாங்களா?

பதில்:

அந்த ஒரு நாள் காம்போ வேண்டாம். காம்போ டிக்கெட் தப்பில்ல, ஒரே நாள்ங்கிறதுதான் தப்பு. மண்டாய்ல இப்போ சிங்கப்பூர் ஜூ, ரிவர் வொண்டர்ஸ், நைட் சஃபாரி, பேர்ட் பாரடைஸ், 2025 மார்ச்ல தொறந்த ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏசியான்னு 5 பார்க் இருக்கு. காலையில எட்டரைக்கு ஆரம்பிச்சு ராத்திரி பத்து வரைக்கும் இழுத்தா உங்க அம்மா மதியத்துக்கு மேல பெஞ்சுலதான் உக்காந்திருப்பாங்க, பொண்ணு உங்க தோள்ல தூங்கும், பையன் மட்டும் ஓடிட்டிருப்பான். இதுக்கு 5 பேருக்கு டிக்கெட். ஒரு பார்க்குக்கே பெரியவங்களுக்கு 50 சிங்கப்பூர் டாலரை ஒட்டி வருது, நம்ம காசுக்கு 3000 ரூபாய்க்கு மேல, 3 வயசு முடிஞ்ச பசங்களுக்கும் டிக்கெட் உண்டு, அதனால உங்க பாப்பாவுக்கும் எடுக்கணும்.

நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான், டிக்கெட்டை கையில வச்சுக்கிட்டு பிளான் போடாதீங்க, கடிகாரத்தை வச்சு போடுங்க. எந்த மிருகம் எத்தனை மணிக்கு முழிச்சு நடமாடுது, உங்க வீட்டு ஆளுங்க எத்தனை மணிக்கு தெம்பா இருப்பாங்க, இந்த ரெண்டும் சேர்ற நேரத்துக்கு மட்டும் காசு கட்டுங்க. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கு, வருஷம் பூரா ஏறக்குறைய ஏழு மணிக்கு விடியும், ஏழு மணிக்கு இருட்டும். காலையில 11-லேருந்து சாயங்காலம் 3 வரைக்கும் புலியாவது சிங்கமாவது, எல்லாம் நிழல்ல படுத்து கிடக்கும். நீங்க அந்த நேரத்துல கண்ணாடி முன்னாடி நின்னு "எந்திரி எந்திரி"ன்னு கத்தினாலும் காதை கூட ஆட்டாது.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அதை யாரும் யோசிக்கிறதில்ல. சிங்கப்பூர் மணி நம்மளை விட இரண்டரை மணி நேரம் முன்னாடி. அங்க ராத்திரி ஒன்பதரைன்னா உங்க பாப்பாவோட உடம்புக்கு அது ஏழு மணிதான். அதனால நைட் சஃபாரியை ட்ரிப்போட ஆரம்பத்துலயே போட்டுடுங்க, அப்போதான் தூங்காம வருவா. நாலாவது நாள்னா உடம்பு அந்த ஊர் மணிக்கு பழகிடும், எட்டரைக்கே கண்ணு சொக்கும். ஆனா திருச்சியில ராத்திரி ஃப்ளைட் ஏறி விடியக்காலை இறங்குறீங்கன்னா அன்னிக்கு வேண்டாம், தூக்கம் கெட்டிருக்கும், மறுநாள் ராத்திரி போங்க. இதே கணக்குலதான் விடியக்காலை எந்திரிக்கிற வேலையெல்லாம் கடைசி ரெண்டு நாளுக்கு தள்ளணும், ஏன்னா முதல் நாள் அங்க காலையில ஏழு மணிங்கிறது உங்களுக்கு நாலரை மணி, அந்த நேரத்துல பசங்களை எழுப்பி பறவை பாக்க கூட்டிட்டு போனா பறவையை விட அழுகைதான் அதிகமா கேக்கும்.

நைட் சஃபாரி 1994-ல தொறந்தது, ராத்திரி மிருகங்களுக்குன்னே கட்டின உலகத்தோட முதல் ஜூ. சாயங்காலம் ஏழேகால்லேருந்து உள்ள விடுவாங்க, காம்போ எடுத்திருந்தாலும் நேர ஸ்லாட் தனியா புக் பண்ணியே ஆகணும், இதை மறந்துட்டு கேட்ல போய் நிக்கிறவங்க நிறைய பேர். உங்களுக்கு முதல் ஸ்லாட் எடுங்க. ட்ராம் சுமார் 40 நிமிஷம் ஓடும், மேல கூரை உண்டு, அம்மாவுக்கு நடக்கிற வேலை இல்ல. ஆனா உள்ள போன உடனே எல்லாரும் ட்ராம் க்யூவுக்குத்தான் ஓடுவாங்க. அந்த முதல் முக்கால் மணி நேரம் அம்மாவையும் பாப்பாவையும் வீட்டுக்காரியோட சாப்பாட்டுப் பக்கம் உக்கார வச்சுட்டு நீங்களும் பையனும் மீன்பிடி பூனை ட்ரெயில் நடந்துட்டு வாங்க, கூட்டமே இருக்காது, அப்புறம் எல்லாரும் சேர்ந்து ட்ராம் ஏறிக்கலாம். நடக்கும்போது போனை பாக்கெட்ல போட்டுடுங்க. பத்து நிமிஷம் ஸ்க்ரீன் வெளிச்சம் பாக்காம இருந்தாத்தான் கண்ணு இருட்டுக்கு பழகும், அப்போதான் புதருக்கு பின்னாடி அசையறது தெரியும். ஃபிளாஷ் கண்டிப்பா கூடாது. தேன்கரடி, கழுதைப்புலி, ஆசிய சிங்கம், ஒத்தைக்கொம்பு காண்டாமிருகம்னு நம்ம நாட்டு ஆளுங்களே அங்க நிறைய பேர் இருக்காங்க, வண்டலூர்ல பட்டப்பகல்ல சுருண்டு கிடக்கிற அதே கரடி அங்க மண்ணை முகர்ந்துக்கிட்டு வேகவேகமா நடக்கும், பையனுக்கு அந்த வித்தியாசத்தை காட்டுங்க.

பகல் ஜூவுக்கு கேட் தொறக்கிற எட்டரைக்கே போயிடணும். அது வெறும் 26 ஹெக்டேர், வண்டலூரோட ஒப்பிட்டா கைக்குட்டை அளவு, அதனால பயப்பட வேண்டாம், வீல்சேரும் பசங்க தள்ளுவண்டியும் வாடகைக்கு கிடைக்கும். அம்மா "எனக்கென்ன, நான் நடப்பேன்"னு சொல்வாங்க, கேக்காதீங்க, வீல்சேர் எடுத்துடுங்க, சும்மா பையை வைக்கவாவது ஆகும். 1973-ல தொறந்ததுலேருந்தே கம்பிக்கூண்டு இல்லாம அகழி, தண்ணி, செடிய வச்சு தடுக்கிற ஜூ இது. உராங்குட்டான் பக்கம் போனா எதிர்ல பாக்காதீங்க, தலைக்கு மேல பாருங்க, மரத்துக்கு மரம் கட்டின கயித்துல நிதானமா கை மாத்தி மாத்தி போகும், நிறைய பேர் கீழயே தேடிட்டு காணோம்னு போயிடுறாங்க. சாப்பாடு குடுக்கிற நேரம் எல்லாம் அவங்க ஆப்ல இருக்கும், முந்தின நாள் ராத்திரியே பாத்து ரெண்டு மட்டும் குறிச்சுக்கங்க, எல்லாத்துக்கும் ஓடினா ஒண்ணும் உருப்படியா பாக்க முடியாது.

பதினொன்றரை வாக்குல வெயில் ஏறினதும் பக்கத்துலயே இருக்கிற ரிவர் வொண்டர்ஸுக்கு மாறிடுங்க. அதுல முக்கால்வாசி கூரைக்குள்ள, பாண்டா இருக்கிற இடத்துல ஏசி. கை கை, ஜியா ஜியான்னு ரெண்டு பாண்டா 2012-ல சீனாவுலேருந்து வந்தது. பாண்டாவும் தூங்குமூஞ்சிதான், ஆனா மூங்கில் வைக்கிற நேரத்துல உக்காந்து கடிக்கிறதை பாத்தா பாப்பா நகரவே மாட்டா. மனாட்டி, அதான் கடல்பசு சாதி, பெரிய கண்ணாடித் தொட்டியில மெதுவா மிதந்துக்கிட்டு வரும், அங்க தரையில உக்காந்துக்கலாம், அம்மாவுக்கும் சில்லுன்னு இருக்கும். மூணு மணிக்கு ரூமுக்கு திரும்பிடுங்க.

பேர்ட் பாரடைஸ் 2023-ல வந்தது, பழைய ஜூரோங் பறவை பூங்காவை மூடிட்டு அதுக்கு பதிலா கட்டினது. ரொம்ப நல்ல இடம், ஆனா உங்க ட்ரிப்ல இதை விருப்பப்பட்டா மட்டும் வைங்க, ஏன்னா பறவைய நான் கீழ சொல்ற மாதிரி வெளியிலயே பாத்துக்கலாம். ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏசியா மேடு பள்ளம், ஏறி இறங்குற விளையாட்டுன்னு பெரிய பசங்களுக்கு நல்லாருக்கும், இந்த தடவை விட்டுடுங்க.

இப்போ உங்க மூணாவது கேள்வி. சும்மா சொல்லல, நிஜம்தான். அதுவும் காசில்லாம. என்னை கேட்டா பையன் வருஷக்கணக்கா ஞாபகம் வச்சிருக்கப்போறது இதைத்தான்.

முதல்ல நீர்நாய். நம்ம காவிரியில இருக்கிற அதே இனம்தான், திருச்சிக்காரங்க அதை பாக்க சிங்கப்பூர் போகணுமான்னு கேப்பீங்க, ஆனா காவிரியில அது மனுஷனை பாத்தா முங்கிடும், அங்க நடைபாதையை குறுக்கால கடந்து போகும். 1977-லேருந்து பத்து வருஷம் சிங்கப்பூர் ஆறையும் காலாங் ஆறையும் சுத்தம் பண்ணாங்க, மீன் திரும்பி வந்துச்சு, காணாமப் போயிருந்த நீர்நாயும் பின்னாடியே வந்துச்சு. பிஷான் அங் மோ கியோ பார்க்ல முன்னாடி சிமெண்ட் கால்வாயா இருந்ததை உடைச்சு 2012-ல மறுபடியும் ஆறாவே ஆக்கிட்டாங்க, சமதரை, அம்மா தாராளமா நடக்கலாம். அங்கயோ, காலாங் பேசின்லயோ, மரீனா பே தண்ணி ஓரத்துலயோ காலையில 7-லேருந்து 9, இல்ல சாயங்காலம் 5-லேருந்து 7 சுத்திப் பாருங்க. தண்ணியில வரிசையா தலைங்க தெரியும், கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்கும். ஒண்ணு மீனோட கரையேறினா நின்னு கவனிங்க, ரெண்டு முன்னங்காலாலயும் மீனை பிடிச்சுக்கிட்டு தலையிலேருந்து கடிக்கும், முள்ளு நொறுங்குற சத்தம் நல்லா கேக்கும், முடிச்சதும் புல்லுல புரண்டு புரண்டு மயிரை காய வைக்கும். ஒரு நாள் கண்ணுல படாம போகலாம், அதனால இதுக்குன்னு தனியா நாள் ஒதுக்காம எப்படியும் மரீனா பே போற சாயங்காலத்தோட சேத்துக்கங்க. குட்டியோட இருந்தா கிட்ட போகவே போகாதீங்க, 2021-ல பொட்டானிக் கார்டன்ஸ்ல ஒருத்தரை கூட்டமா கடிச்சு வச்சிருக்கு.

அடுத்தது சுங்கே புலோ. வடக்கு ஓரத்துல இருக்கிற சதுப்பு நிலக்காடு, காலையில ஏழு மணிக்கு தொறப்பாங்க, டிக்கெட் கிடையாது. டிசம்பர்ல போறதால உங்களுக்கு அதிர்ஷ்டம், வடக்கே சைபீரியா பக்கத்துலேருந்து வர்ற உள்ளான் மாதிரி கரையோரப் பறவைக் கூட்டமெல்லாம் அப்போ அங்கதான் இருக்கும், பவளக்காலி, கோட்டான் (ஆந்தை இல்ல, வளைஞ்ச நீள மூக்கு இருக்கிற கரையோரப் பறவை)னு கோடியக்கரையில பாத்தவங்களுக்கு தெரிஞ்ச முகங்கதான். இங்க கடிகாரத்தோட கடல் கணக்கும் பாக்கணும். தண்ணி ஏறுற நேரத்துல வெளிய சேறு மூழ்கிடும், அப்போ பறவைங்க எல்லாம் உள்ள இருக்கிற குட்டைக்கு வந்து நெருக்கமா நிக்கும், மறைவிடத்துலேருந்து சுலபமா பாக்கலாம். தண்ணி வத்துற நேரத்துல பறவை சேத்துக்கு சிதறிடும், ஆனா அப்போதான் முதலை கரையேறி படுக்கும். உப்புநீர் முதலை, நிஜக் காட்டு முதலை, கூண்டு இல்ல. மெயின் பிரிட்ஜ்ல நின்னு சேத்துக் கரையை ஒவ்வொரு கட்டையா பாத்துக்கிட்டே வாங்க, ஒரு கட்டை வாயை தொறந்து வச்சிருக்கும், அதுதான். உடம்பு சூட்டை தணிக்கத்தான் அப்படி தொறந்து வைக்குது, யாரையும் மிரட்ட இல்ல. உடும்பு வழியிலயே படுத்திருக்கும், சுத்திப் போங்க. சேத்துல துள்ளுற மீனை பாப்பாவுக்கு காட்டுங்க. ஏற்ற வத்தம் டைம் அந்த நாட்டு வானிலை சைட்லயே போட்டிருப்பாங்க. கொசுமருந்து கண்டிப்பா தடவுங்க, டெங்கு அங்கயும் உண்டு.

இருவாச்சி பாக்கணும்னா பாசிர் ரிஸ் பார்க். கருப்பு வெள்ளை இருவாச்சி, வால்பாறையில பாக்கிற பெருசை விட சின்னது, காலையில பழ மரத்துல கூச்சல் போட்டுக்கிட்டு இருக்கும். நம்ம நாட்டுக்கோழிக்கெல்லாம் மூதாதையான காட்டுக்கோழி அங்க புல்லுல சாவகாசமா மேயும். புலாவ் உபின் தீவு இன்னும் நல்லாருக்கும், ஆனா படகுல ஏறி இறங்குறது முட்டி வலிக்கு ஒத்து வராது. மெக்ரிட்சி காட்டுக்குள்ள ட்ரீடாப் வாக்னு மர உச்சி உயரத்துல இருக்கிற தொங்கு பாலத்துக்கு போறதுக்கும் ரொம்ப தூரம் நடக்கணும், அதுவும் வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம், அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. காலையில காக்காவுக்கு சோறு வைக்கிற பழக்கம் நம்ம வீட்டுல உண்டு இல்லையா, அங்க ஜன்னல்ல வைக்கக்கூடாது. 2020-லேருந்து எந்த காட்டு உயிருக்கும் தீனி போடுறது சட்டப்படி குத்தம், புறா காக்கா எல்லாம் அதுல சேத்தி, முதல் தடவைக்கே 5000 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம். குரங்கு இருக்கிற இடத்துல பிளாஸ்டிக் பையை கையில தொங்க விடாதீங்க, அங்க குரங்குக்கும் பைன்னா தீனிதான், பிடுங்கிட்டு போயிடும்.

மழை பத்தி. டிசம்பர் அங்கயும் பருவமழை, பெரும்பாலும் மதியத்துக்கு மேல கொட்டும், இடி மின்னல் வந்தா வெளிப்புற ஷோ, நடைபாதை எல்லாம் நிறுத்திடுவாங்க. அதனாலயும் காலை நேரம்தான் உங்க கைவசம். மைஎன்வின்னு அரசாங்க ஆப் இருக்கு, மழை மேகம் எங்க நகருதுன்னு காட்டும், இறக்கி வச்சுக்கங்க. ஒரு நாள் பூரா மழைன்னா செந்தோசாவுல இருக்கிற சிங்கப்பூர் ஓஷனேரியம் போயிடுங்க. அந்த மாசம் அங்க பள்ளிக்கூட லீவும் கூட, அதனால மண்டாய் போற நாள் சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

மொத்தத்துல உங்களுக்கு ரெண்டாவது நாள் ராத்திரி நைட் சஃபாரி, மூணாவது நாள் மதியம் வரைக்கும் ஒண்ணும் வைக்காம தூங்க விட்டுட்டு சாயங்காலம் மரீனா பே, நாலாவது நாள் காலையில ஜூ, மதியம் ரிவர் வொண்டர்ஸ், அஞ்சாவது நாள் விடியக்காலை சுங்கே புலோ. ஆளுக்கு டிக்கெட் மூணே மூணு. மூணு பார்க் காம்போ வாங்குறதா இருந்தா எத்தனை நாளைக்கு செல்லும்னு பாத்து, அவங்க சொந்த சைட்லயே வாங்குங்க. மண்டாய்க்கு எம்ஆர்டியில, அதான் அந்த ஊர் மெட்ரோ ரயில்ல, காத்திப் ஸ்டேஷன் இறங்கினா ஷட்டில் பஸ் இருக்கு. நைட் சஃபாரி முடிஞ்சு திரும்பும்போது மட்டும் டாக்ஸி போட்டுடுங்க, பத்து மணிக்கு மேல எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க, அதனால ட்ராம்லேருந்து இறங்கின உடனே கிராப்னு டாக்ஸி ஆப்ல புக் பண்ணிடுங்க. 5 பேர்னா சாதா கார் பத்தாது, ஆறு சீட்டர் போடணும். சுங்கே புலோவுக்கும் அதேதான், போறது சுலபம், திரும்பி வர ரோட்டுல டாக்ஸி கிடைக்காது, வெயில் ஏறுறதுக்குள்ள, ஒரு ஒன்பதரைக்கெல்லாம் உள்ளேருந்தே புக் பண்ணிட்டு கேட்டுக்கு நடங்க.