பேபி ஃபேருக்குக் கிளம்பும் முன்: சிங்கப்பூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூர் எக்ஸ்போ கண்காட்சிக் கூடத்தில் பேபி ஃபேர், அதாவது பிள்ளைப் பொருள் சந்தை, என்று விளம்பரம் வந்துவிட்டால் போதும், கேள்விகள் வந்து குவியும். பல வருஷம் பிரசவ வார்டில் தாதியாக இருந்தவள், இப்போது கர்ப்பிணிகளுக்கு வகுப்பெடுப்பவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளைத் தொட்டு, தூக்கி, மடக்கிப் பார்க்க ஃபேரைப் போல வசதியான இடம் கிடையாது. ஆனால் பார்த்த அன்றே வாங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

பிள்ளை பிறக்கும் முன்னே எதுவும் வாங்கி வைக்கக்கூடாது என்கிறார் மாமியார். எனக்கு 32 வாரம். ஃபேரை விட்டால் இந்த விலை கிடைக்காது என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது, அக்கா? (செங்காங்)

இரண்டு பேரையும் சமாளிக்கலாம். பெரிய கடைக்காரர்கள் பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிரசவத்துக்குப் பிறகு நீங்கள் சொல்லும் தேதியில் பொருளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டுக்குள் பொருள் வராது, மாமியாருக்கும் மனக்குறை இருக்காது. ஒன்றே ஒன்று, உத்தரவாதக் காலம் பணம் கட்டிய நாளிலிருந்து ஓடுகிறதா, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை மூன்று மாதம் கழித்து யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

மாமியார் சொல்வதில் காரியமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பிள்ளைக்குப் படுக்க ஓர் இடம், சில சட்டைகள், துவைத்து வைத்த பழைய வேட்டித் துணி, டயப்பர், சொந்தக் கார் இருந்தால் கார் இருக்கை, இவ்வளவுதான் வேண்டும். மற்றதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகே வாங்கலாம். இந்த ஊரில் இன்று ஆர்டர் செய்தால் நாளை வாசலில் நிற்கிறது.

மனைவியின் பட்டியலில் 60 பொருள்கள். கையில் 2,000 வெள்ளிதான். அரசு தரும் பேபி போனஸ் பணம் வந்ததும் சரிக்கட்டிவிடலாமா? (ஈசூன்)

முழுத் தொகையும் ஒரே நாளில் வந்துவிடும் என்று நினைக்கிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. தகுதியுள்ள குடும்பத்தில் முதல் அல்லது இரண்டாம் பிள்ளைக்கு ரொக்கம் 11,000 வெள்ளி. அது தவணை தவணையாக வரும். பிறந்து பதிவு செய்தவுடன் 3,000, ஆறாம் மாதத்திலும் ஒரு வயதிலும் 1,500, ஒன்றரை வயதில் 1,000, அப்புறம் ஆறரை வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 400. குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் அரசு போடும் பணம் வேறு. அது பாலர் பள்ளி, மருத்துவமனை, மருந்தகம் போன்ற அனுமதி பெற்ற இடங்களுக்குத்தான். அதைக் கொண்டு ஃபேரில் ஸ்ட்ரோலர் (பிள்ளைத் தள்ளுவண்டி) வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

பட்டியலை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதில் ஈரத்துணி சூடாக்கும் பெட்டி இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அடித்துவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? குளிக்கும் தொட்டி, துணி, பொம்மை எல்லாம் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்தால் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகவே வாங்க வேண்டியவை கார் இருக்கையும் மெத்தையும்.

ஸ்ட்ரோலர் வாங்கப் போகிறோம். நூறு வகை இருக்கிறது, தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (பொங்கோல்)

கிளம்பும் முன் ஓர் அளவு டேப்பை எடுத்து வீட்டுக் கதவு, காரின் டிக்கி, வீட்டுக்குள் ஸ்ட்ரோலரை நிறுத்தப்போகும் மூலை, மூன்றையும் அளந்து கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடலாம் என்று சொல்வார்கள். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஏற்கெனவே செருப்பு அலமாரியும் துளசிச் செடியும் அங்கே இருந்தால் ஸ்ட்ரோலர் உள்ளேதான் வர வேண்டும்.

ஃபேரில் விற்பனைப் பையன் ஒரு கையால் சட்டென்று மடக்கிக் காட்டுவான். அவன் நாள் முழுவதும் அதையேதான் செய்கிறான். மடக்க வேண்டியது நீங்கள், அதுவும் ஒரு தோளில் பையை மாட்டிக்கொண்டு. இரண்டு முறை செய்து பாருங்கள். மடக்கியதைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடங்கள். ஆறு ஏழு கிலோவைத் தூக்கிப் பேருந்தில் ஏறிவிடலாம், பத்து கிலோவுக்கு மேல் போனால் பிள்ளையோடு தனியாகப் போகும் நாளில் அழுகை வரும்.

வெறும் ஸ்ட்ரோலர் எக்ஸ்போவின் வழவழப்பான தரையில் பட்டுப் போல ஓடும். பக்கத்துக் கடையில் டயப்பர் மூட்டை வாங்கியிருப்பீர்கள் அல்லவா, அதை இருக்கையில் வைத்து வாரைப் போட்டுவிட்டு, ஒரு கையால் தள்ளி மூலையில் திருப்புங்கள். பின்னால் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள், நடைபாதை விளிம்பில் தினமும் செய்யப்போவது அதைத்தான். அடுத்து பிரேக். சிலவற்றில் பிரேக்கை விடுவிக்க, கால் விரலின் மேற்பக்கத்தால் நெம்பித் தூக்க வேண்டும். ஷூ போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நம்மைப் போல செருப்பு போட்டவர்களுக்கு விரல் சிவந்துவிடும். அதனால் ஃபேருக்குச் செருப்போடு போங்கள். கைப்பிடியில் உங்கள் பையை மாட்டி, ஸ்ட்ரோலர் பின்னால் சாய்கிறதா என்றும் பாருங்கள்.

கழுத்து நிற்காத பிள்ளைக்குக் கிட்டத்தட்ட மட்டமாகச் சாயும் இருக்கை வேண்டும். சின்னதாக மடங்கும் மாடல்களில் பல ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கானவை. அட்டைப் பெட்டியில் 'பிறந்ததிலிருந்து' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2017 ஏப்ரலிலிருந்து பேருந்தில் ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏற்றலாம். ஆனால் சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறினால் அந்த இடம் அவருக்குத்தான், அப்போது நீங்கள் மடக்க வேண்டியிருக்கும். மடக்கிப் பழகச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

மழை உறை இலவசமா, தனி விலையா என்று கேட்க மறக்காதீர்கள்.

எங்களிடம் கார் இல்லை. கார் இருக்கை தேவையா? (தெம்பனிஸ்)

1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குப் பொருத்தமான இருக்கை வேண்டும் என்பது சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு. செயலி வழியாக அழைக்கும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. பிள்ளை இருக்கையோடு வரும் கார்களையும் பதிவு செய்யலாம், ஆனால் அந்த இருக்கை பச்சிளம் பிள்ளைக்கு ஏற்றதா என்று பதியும்போதே பாருங்கள்.

மாதத்தில் பல முறை கார்ப் பயணம் இருக்கும் என்றால் வாங்கிவிடுவது நல்லது. ஆர்129 என்ற ஐ.நா. தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதன்படி 15 மாதம் தாண்டும் வரை பிள்ளை பின்னோக்கியே உட்கார வேண்டும். பழைய ஆர்44 முத்திரை போட்ட இருக்கைகளை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரிலிருந்து விற்க முடியாது. ஒரு கார் இருக்கைக்குப் பெருந்தள்ளுபடி என்றால் அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் முத்திரையையும் தயாரித்த தேதியையும் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். முன் இருக்கையில் ஏர்பேக் இயங்கும் காரில், பின்னோக்கிய இருக்கையை முன்னால் வைக்கவே கூடாது.

பிள்ளை திடுக்கிடாமல் இருக்க நெஞ்சின் மேல் வைக்கும் பயறுத்தோல் தலையணை ஃபேரில் விற்கிறார்கள். எங்கள் அம்மா ஊரிலிருந்து கடுகுத் தலையணை கொண்டு வருகிறார். மோட்டாரில் தானாக ஆடும் துணித்தொட்டில், அந்த மின்சார யாவ்லானும் வாங்கலாமா? (புக்கிட் பாத்தோக்)

கை கால் விரித்துத் திடுக்கிடுவது பச்சிளம் பிள்ளையின் இயல்பு. நாலைந்து மாதத்தில் தானாகப் போய்விடும், அதற்கு மருந்தும் வேண்டாம், தலையணையும் வேண்டாம். நெஞ்சின் மேல் வைக்கும் தலையணை நகர்ந்து மூக்கை மூடினால் அந்த வயதில் அதைத் தள்ளிவிடத் தெரியாது. பச்சைப்பயறா, கடுகா என்பதில் வித்தியாசம் இல்லை. முதல் வயதில் படுக்கையில் தலையணை, கனமான போர்வை, பொம்மை, தொட்டில் கம்பிகளை ஒட்டிச் சுற்றிக் கட்டும் ஓரமெத்தை எதுவும் வேண்டாம். மல்லாக்கப் போட்டு, அழுத்தமான, சமதளமான மெத்தை, அவ்வளவுதான். ஓரமெத்தையையும் சாய்வான தூங்கும் இருக்கையையும் அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். இங்கே ஃபேரில் தொட்டில் வாங்கினால் சில இடங்களில் ஓரமெத்தையை இலவசம் என்று கையில் திணிப்பார்கள். வேண்டாம், அதற்குப் பதில் கூடுதல் விரிப்பு ஒன்று கேளுங்கள்.

அம்மா கொண்டுவரும் தலையணையை வேண்டாமென்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போட்டோம் என்று ஒரு படம் எடுத்துக்கொடுங்கள்.

யாவ்லான் விஷயத்தில் நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். தமிழர், மலாய்க்காரர், சீனர் மூன்று வீட்டுப் பாட்டிகளும் சேர்ந்து ஆதரிக்கும் பொருள் அது. சேலைத் துணியில் பிள்ளை வளைந்து படுக்கும்போது தாடை நெஞ்சில் முட்டி மூச்சுப்பாதை மடங்கலாம், பிரச்சினை அங்கேதான். குறைமாதப் பிள்ளைக்கு அறவே வேண்டாம். மற்ற வீடுகளில் ஆட்டித் தூங்க வைத்தாலும், தூங்கியதும் சமதளமான படுக்கைக்கு மாற்றுங்கள். மின்சார மோட்டார் இரவெல்லாம் ஆட்டும் என்பதுதான் அதன் விளம்பரம். எனக்கு அதில் பிடிக்காததும் அதுவேதான், பெரியவர்களும் அதை நம்பித் தூங்கிவிடுவார்கள்.

மரத்தொட்டில் வாங்கினால் கம்பிகளுக்கு இடையே நாலரை முதல் ஆறரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. டேப் தான் கையில் இருக்கிறதே.

பால் பிழியும் கருவி, ஃபேரில் பாதி விலை. இப்போதே எடுத்து வைக்கவா? ஆறாம் மாதம். (உட்லண்ட்ஸ்)

வேண்டாம். மார்பில் பொருத்தும் புனல், பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அளவில் வரும். உங்கள் அளவு பால் சுரந்த பிறகுதான் சரியாகத் தெரியும், தவறான அளவில் பிழிந்தால் வலி, புண். இப்போதே வாங்கினால் உத்தரவாதத்தில் மூன்று நாலு மாதம் அலமாரியிலேயே கழிந்துவிடும். பிள்ளை பிறந்ததும் வார்டில் தாய்ப்பால் ஆலோசகரைக் கூப்பிட்டு அளவு பாருங்கள். பேறுகால விடுப்பு 16 வாரம் இருக்கிறது, வேலைக்குத் திரும்புவதற்கு முன் வாங்க நேரம் நிறைய.

ஃபேரில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மோட்டாரை ஓடவிட்டுச் சத்தம் கேளுங்கள். அலுவலகத்தில் பக்கத்து அறைக்குக் கேட்குமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிற்காலத்தில் நோய் வந்தால் உதவும் என்று பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தைக் காசுக்குச் சேமித்து வைக்கும் கடையில், இன்றே கையெழுத்துப் போட்டால் பெரிய தள்ளுபடி என்கிறார்கள். (ஜூரோங் வெஸ்ட்)

இன்று கையெழுத்துப் போடாதீர்கள். இருபது வருஷத்தைத் தொடும் ஒப்பந்தத்தை, காலில் வீக்கத்தோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது. விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விஷயம் இது: மரபணுக் கோளாறால் பிள்ளைக்கு நோய் வந்தால், அதே கோளாறு அதன் சொந்தக் கொடி இரத்தத்திலும் இருக்கும். அதனால் சொந்த இரத்தம் சொந்தப் பிள்ளைக்கே உதவும் சூழ்நிலைகள் குறைவு. குடும்பத்தில் ஏற்கெனவே இரத்த நோயுள்ள பிள்ளை இருந்தால் கதை வேறு, அப்போது மருத்துவரிடம் பேசுங்கள். சேமிப்புக் கலன்களின் வெப்பநிலை சரியாகக் காக்கப்படவில்லை என்று 2023 நவம்பரில் சுகாதார அமைச்சு ஒரு தனியார் நிறுவனத்தைப் பற்றி அறிவித்தது நினைவிருக்கலாம். பொது இரத்த வங்கிக்கு நன்கொடையாகத் தரவும் வழியுண்டு, அதற்குக் கட்டணம் இல்லை. எடுக்கும் வசதி உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

லக்கி டிரா படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (பிடோக்)

கூடாது. சட்டப்படி தேவைப்பட்டாலோ, ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டிய இடமாக இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக்கூடாது என்பது 2019 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் வழிகாட்டுதல். பிரசவத் தேதியும் கைப்பேசி எண்ணும் கொடுத்தாலே போதும், பால்மாவு விளம்பரம் பிள்ளைக்கு முன்னால் வந்து சேரும்.

போன வருஷம் ஃபேரில் வாங்கிய தொட்டிலின் கம்பி இரண்டாவது மாதமே கழன்றது. ஃபேரில் விற்றதற்குப் பணம் திரும்பாது என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்கள். (சுவா சூ காங்)

மனம் மாறித் திருப்பித் தருவதற்கு வேண்டுமானால் அந்த வரி செல்லும், பழுதான பொருளுக்குச் செல்லாது. 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே பழுது இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். முதலில் சரிசெய்து தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். கம்பி கழன்றபோது எடுத்த படம், அப்போது நீங்கள் அனுப்பிய செய்தி ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள், பிறகு பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மசியவில்லை என்றால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கடையின் பதிவுப் பெயரும் வணிகப் பதிவு எண்ணும் ரசீதில் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். அதற்குள் அந்தத் தொட்டிலில் பிள்ளையைப் போடாதீர்கள்.