லிமோசின் என்றால் நீளமான கார் என்றுதானே அர்த்தம்? ஜெர்மன்காரர்கள் ஏன் சாதாரண காரையும் அப்படிச் சொல்கிறார்கள்?

நீளம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான். லிமூசன் என்பது பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள ஒரு வட்டாரம். லிமோஜ் அதன் முக்கிய நகரம். அங்கே ஆடு மேய்ப்பவர்களும் வண்டிக்காரர்களும் போர்த்திய முரட்டுக் கம்பளி அங்கிக்கு லிமூசின் என்று பெயர். 1900களின் தொடக்கத்தில் முதலாளி மூடிய அறைக்குள்ளும், டிரைவர் வெளியே வெறும் கூரைக்கடியிலும் உட்காரும் கார்கள் வந்தன. அந்தக் கூரை அங்கியின் முக்காடு மாதிரி இருந்ததால் பெயர் தாவியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆக, சொகுசு வண்டிக்கு இடையனின் போர்வைப் பெயர்!

பிறகு டிரைவருக்கும் கதவு, கண்ணாடி எல்லாம் வந்தன. ஆங்கிலத்தில் நடுவே கண்ணாடித் தடுப்பு உள்ள, டிரைவர் ஓட்டும் பெரிய கார் என்ற பொருள் நிலைத்தது. ஜெர்மனில் 'மூடிய கார்' என்ற பகுதி மட்டும் தங்கிவிட்டது. நாம் செடான் என்பதுதான் அவர்களுக்கு லிமூசினெ. ஜப்பானில் லிமோசின் பஸ் ஏறினால் விமான நிலையம் போகலாம், அவ்வளவுதான்.

கல்யாண ஊர்வல நீளக் கார் பெரும்பாலும் சாதாரண காரை நடுவில் வெட்டி, சட்டத்தை நீட்டி வெல்டிங் செய்தது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டையும் நீட்டி, நடுவே தாங்கு பேரிங் கொடுக்க வேண்டும். எடை ஏறுவதால் பழைய பிரேக்கை அப்படியே விட்டால் ஆபத்து. சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடினால் மேட்டில் வயிறு தட்டும். 2011 மே மாதம் டப்ளினில், அமெரிக்க அதிபரின் வாகன அணியிலிருந்த லிமோசினே தூதரக வாசல் சரிவில் அப்படித்தான் மாட்டி நின்றது.