பத்தும் நொறுங்கவில்லை

கேள்வி: ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்து விமானங்களைப் பார்த்து வளர்ந்த என் மகள், பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காகப் பறந்த இந்திய விமானி இந்திரலால் ராயைப் பற்றிப் பேசுகிறாள். ‘பதின்மூன்றே நாளில் பத்து விமானங்களைச் சுக்குநூறாக்கினார், பாரசூட்டில் குதித்துத் தப்ப மனமின்றி உயிர்விட்டார்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சரிதானே?
- வாசகர், உச்சிப்புளி

பதில்: சரியில்லை. இரண்டு வரிகளையும் அடித்துவிடுங்கள்.

அவரிடம் பாரசூட்டே கிடையாது. பலூனில் ஏறி வேவு பார்த்தவர்களுக்கு அதைக் கொடுத்த பிரிட்டிஷ் படை, போர் முடியும்வரை விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. ஜெர்மன் விமானிகளுக்கு 1918-இல் கிடைக்கத் தொடங்கிவிட்டது. தப்பும் வழியே தராமல் அனுப்பப்பட்ட 19 வயதுப் பையனைத் ‘தப்ப மனமில்லாதவர்’ என்று மேடையில் சொல்லலாமா? அனுப்பியவர்கள் செய்த தவறு அதில் மறைந்துபோகிறது.

அடுத்து, கணக்கு. 1918 ஜூலை 6-இல் முதல் விமானம். 8-ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13-இல் இரண்டு, 15-இல் இரண்டு, 18-இல் ஒன்று, 19-இல் ஒன்று. கூட்டினால் பத்து சரிதான். ஆனால் அழிந்ததாக ஏற்கப்பட்டவை ஐந்து. மற்ற ஐந்தும் ‘கட்டுப்பாடு இழந்து கீழே போனவை’. அவை தரையில் மோதினவா என்பது அந்தக் கணக்கில் சேராது. பத்தில் இரண்டு, சக விமானிகளோடு பங்கிட்டவை. அன்றைய படை வழக்கப்படி இவையெல்லாமே வெற்றிதான். ‘பத்து வான் வெற்றிகள்’ என்று மகள் சொல்லட்டும், யாரும் மறுக்க முடியாது.

அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானத்தைப் பற்றி ஒரு பத்தி சேருங்கள். ஒருவர் மட்டும் உட்காரும் திறந்த இருக்கை. முன்னால் ஒரு விக்கர்ஸ் துப்பாக்கி. சுழலும் விசிறி இலைகளில் படாமல் இடைவெளி பார்த்துச் சுடும். மேல் இறக்கையில் ஒரு லூயிஸ் துப்பாக்கி. அதன் வட்டப் பெட்டியில் 97 குண்டுகள். விசையை விடாமல் அழுத்தினால் பத்து விநாடி சொச்சத்தில் தீர்ந்துவிடும். பிறகு துப்பாக்கியை வளைந்த தண்டவாளத்தில் கீழே இழுத்து, காலிப் பெட்டியைக் கழற்றி, புதியதை மாட்டி, மறுபடி மேலே தள்ள வேண்டும். அதுவரை விமானத்தையும் சமாளிக்க வேண்டும். எதிர்காற்று பெட்டியைக் கையிலிருந்து பிடுங்கும். கச்சான் காற்றில் வத்தைப் படகில் நின்று பாய் பிடித்தவர்கள் மண்டபம் ஊரில் இருக்கிறார்கள். மகளை அவர்களோடு பேசவிடுங்கள், இந்த இடம் அவளுக்கு உடனே பிடிபடும். உயரத்துக் குளிரில் எண்ணெய் இறுகித் துப்பாக்கி சிக்கிக்கொள்வதும் உண்டு.

நீங்கள் விட்டுவிட்ட இன்னொன்றுதான் என் மனதை அதிகம் தொடுகிறது. 1917 டிசம்பர் 6-இல் அவர் விமானம் தரையிறங்கும்போது நொறுங்கியது. பறக்கத் தகுதியில்லை என்றார்கள் மருத்துவர்கள். படுக்கையில் விமானங்களாக வரைந்து தள்ளினார். விடாமல் போராடித் தகுதிச் சான்று பெற்று, 1918 ஜூனில் 40-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவில் சேர்ந்தார். அடுத்த மாதம் 22-ஆம் தேதி, பிரான்சில் கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மனியின் ஃபோக்கர் டி.7 விமானங்களோடு சண்டையிட்டபோது இறந்தார். மொத்தம் பறந்தது 170 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

டி.எஃப்.சி. என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரப் பதக்கம் செப்டம்பரில், அவர் இறந்த பிறகுதான் அறிவிக்கப்பட்டது. ‘பதக்கத்தோடு களம் புகுந்தார்’ என்பதுபோல் எங்காவது எழுதியிருந்தால், அதையும் எடுத்துவிடுங்கள்.