முன்கதைப் படங்களைத் திட்டுவது நியாயமா? கேள்வி பதில்

முன்கதைப் படங்களைப் பற்றி, அதாவது ஏற்கெனவே வந்த ஒரு படத்தின் கதைக்கு முன் நடந்ததைச் சொல்லப் பின்னால் எடுக்கப்படும் படங்களைப் பற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத் திரைப்பட ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அறிவியல் புனைவுப் படங்களை நெடுங்காலமாகக் கவனித்து வரும் எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள்.

பாலக்கோடு: ஐயா, 'ஸ்டார் வார்ஸ்' முன்கதைப் படங்கள் மூன்றும் உண்மையிலேயே அவ்வளவு மோசமா, அல்லது ஒருவர் திட்டியதைக் கேட்டு எல்லோரும் திட்டுகிறார்களா?

இரண்டும் நடந்திருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இந்தப் படங்களைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது.

முதலில், நியாயமான குற்றச்சாட்டு. 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களும் சொல்ல எடுத்துக்கொண்ட கதை ஒன்றுதான்: நல்லவனாக இருந்த அனகின், பழைய படங்களின் வில்லனான டார்த் வேடராக எப்படி மாறினான்? இந்த மாற்றத்தின் வேர், அவனுக்கும் அவன் குரு ஓபி-வான் கெனோபிக்கும் இடையே இருந்த நட்பு. ஆனால் முதல் படத்தில் அனகின் சிறு பையன். கதையின் பெரும்பகுதி வணிகப் பாதை வரித் தகராற்றிலும் பேரவை வாதங்களிலும் போய்விடுகிறது. இரண்டாம் படம் பத்து ஆண்டுகளைத் தாண்டிக் குதித்து, ஏற்கெனவே குருவின்மேல் எரிச்சல் கொண்ட இளைஞனாக அவனைக் காட்டுகிறது. இருவரும் உயிர் நண்பர்களாக இருந்த காலத்தைப் பற்றி, மின்தூக்கியில் நின்றபடி பழைய சாகசம் ஒன்றை நினைவுகூரும் சில வரி உரையாடல்தான் நமக்குக் கிடைக்கிறது. அந்த நட்பைப் பார்க்காத நம்மிடம், மூன்றாம் படத்தில் அது முறியும்போது கலங்கச் சொன்னால் எப்படிக் கலங்குவது? காதல் காட்சிகளின் வசனங்களைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு சிரித்தாகிவிட்டது.

இன்னொன்று, ஆக்கத்தில் மாற்றுக்குரல் இல்லாமை. மூலத் தொடரில் 1980ஆம் ஆண்டு வந்த படத்தை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். அதன் திரைக்கதை லீ பிராக்கெட், லாரன்ஸ் காஸ்டன் ஆகியோருடையது. முன்கதைகளிலோ கதையும் இயக்கமும் தொடரை உருவாக்கிய ஜார்ஜ் லூகாசுடையவை. திரைக்கதையில் 2002ஆம் ஆண்டுப் படத்துக்கு மட்டும் ஜொனாதன் ஹேல்ஸ் உடன் இருந்தார். "இந்தக் காட்சி வேண்டாம்" என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய இடங்கள் திரையில் பளிச்சென்று தெரிகின்றன.

இனி, நியாயமற்ற பகுதி. முதல் முன்கதைப் படத்தில் வரும் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தை எழுதியவர் வேறு, அதில் நடித்த அகமது பெஸ்ட் வேறு. தன்மேல் கொட்டப்பட்ட வெறுப்பு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரைக்கும் தன்னைத் தள்ளியதாக 2018இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அனகினாக நடித்த ஜேக் லாய்ட் அப்போது பள்ளிச் சிறுவன்; அவனையும் விடவில்லை. திரைக்கதையின் குறைக்கு நடிகரைத் தண்டிப்பது விமர்சனம் ஆகாது. ஜான் வில்லியம்சின் இசையும், முதல் படத்தின் பந்தயக் காட்சியும், இறுதி வாள்சண்டையும் யாருடைய தயவும் இல்லாமல் நிற்கக்கூடியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரூர்: அண்ணா, என் மகனுக்கு எட்டு வயது. எந்த வரிசையில் காட்டுவது? கதை வரிசையிலா, வெளியான வரிசையிலா?

வெளியான வரிசையில். 1977, 1980, 1983. அதன் பிறகே 1999. முன்கதையை முதலில் காட்டினால், 1980ஆம் ஆண்டுப் படத்தின் மிகப் பெரிய அதிர்ச்சி அந்தப் பிள்ளைக்குப் பழைய செய்தியாகிவிடும். முன்கதை என்பது மூலத்தைப் பார்த்தவருக்காகப் பின்னால் எழுதப்பட்டது. முதலில் பார்ப்பதற்காக எழுதப்பட்டதன்று.

ஓசூர்: சார், முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை இருக்க முடியும்? முன்கதை என்ற வகையே அடிப்படையில் தவறு என்பது என் கருத்து.

உங்கள் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது, படுகளத்தன்று துரியோதனன் தொடை பிளந்து சாவான் என்பது தெரியாத ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. இருந்தும் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். "என்ன நடக்கும்?" என்ற கேள்வி போனால் "ஏன் நடந்தது, எப்படி நடந்தது?" என்ற கேள்வி அந்த இடத்துக்கு வருகிறது, அது இன்னும் வலுவான கேள்வி. 2016இல் வந்த 'ரோக் ஒன்' இதற்குச் சான்று. 1977ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்க எழுத்துகளில், ஒற்றர்கள் பகைவரின் திட்டப்படத்தைத் திருடினார்கள் என்று வரும் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதற்காக உயிரைக் கொடுத்த மனிதர்களைக் காட்டியது. திட்டப்படம் போய்ச் சேரும் என்று தெரிந்தும் நாம் பதறினோம்.

காரிமங்கலம்: ஐயா, கூத்து உவமை பொருந்தாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் வேண்டுதலுக்கு வந்தவர்; நான் நுழைவுச்சீட்டு வாங்கிப் படம் பார்க்க வந்தவன்.

வேண்டுதலுக்கு வந்தவரும் மறுநாள் டீக்கடையில், போன ஆண்டு வந்த ஜமாவின் (கூத்துக் குழுவின்) துரியோதனன் இந்த ஆண்டுத் துரியோதனனைவிட மேல் என்று வாதிடுகிறார். பக்தியோடு வந்தவரின் ரசனை தூங்கிவிடுவதில்லை. அவர் குறை சொல்வது நடிப்பையும் பாட்டையும்தான். கதை தெரிந்துவிட்டதே என்று எவரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பென்னாகரம்: நானும் இதில் நுழைகிறேன். கூத்துக்காரர் பாரதத்தில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. முன்கதை எடுப்பவரோ பழைய படத்துக்குள் புதிய செய்திகளைத் திணிக்கிறார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கட்டியங்காரன் நேற்றைய ஊர்ச் செய்தியைக்கூடச் சேர்ப்பான் என்பதால் உங்கள் முதல் வாக்கியத்தை ஏற்க மாட்டேன். ஆனால் இரண்டாவது வாக்கியம், இதுவரை வந்ததிலேயே சரியான கேள்வி. கட்டியங்காரன் என்ன சேர்த்தாலும் துரியோதனனின் குணம் மாறுவதில்லை. மோசமான முன்கதை, நாம் ஏற்கெனவே நேசித்ததன் பொருளையே திருத்துகிறது.

1977ஆம் ஆண்டு 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் 'ஃபோர்ஸ்' என்பது எல்லா உயிர்களையும் சூழ்ந்து பிணைத்து நிற்கும் ஓர் ஆற்றல். பயிற்சியாலும் நம்பிக்கையாலும் அடையக்கூடியது என்று அந்தப் படத்தைப் பார்த்தவர் எண்ணிக்கொண்டார். 1999இல் அது இரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கையாகத் தெரிவது என்று ஆனது. சிறுவன் அனகினுக்கு அந்த எண்ணிக்கை இருபதாயிரத்துக்கும் மேல். வியப்பு இருந்த இடத்தில் ஆய்வக அறிக்கை வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய இழப்பு 'ஏலியன்' தொடரில் நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டுப் படத்தில், கைவிடப்பட்ட கப்பலுக்குள் நுழையும் மூவர், இருக்கையோடு இருக்கையாக இறுகிப்போன ஒரு மாபெரும் உடலைப் பார்க்கிறார்கள். விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிப்புறமாக உடைந்திருக்கின்றன. அது யார், எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை; கதை அதைக் கடந்து போய்விடுகிறது. ஓவியர் எச். ஆர். கைகரின் அந்த வடிவமைப்பு, மனிதன் வருவதற்கு மிக முன்னரே இந்த வெளியில் பயங்கரமானவை நடந்து முடிந்திருக்கின்றன என்ற உணர்வைச் சில நிமிடங்களிலேயே தந்துவிட்டது. அந்தப் படத்தை இயக்கிய அதே ரிட்லி ஸ்காட் 2012இல் அதன் முன்கதையாக 'ப்ரோமீதியஸ்' எடுத்தார். நாம் உடல் என்று நினைத்தது கவசம் என்றும், அதற்குள் இருந்தவர் நம்மைப் போன்ற உருவமுடைய, வெளுத்த நெடிய மனிதர் என்றும் விளக்கம் வந்தது. பிரபஞ்சம் திடீரென்று சிறியதாகிவிட்டது. நிலவறைகளுக்கு வரைபடம் எடுத்தவரே அதற்குள் வழி தவறுவதும், பிணத்தைக் கண்டு ஓடிய உயிரியலாளர் சற்று நேரத்தில் உயிருள்ள பாம்பு போன்ற ஒன்றைக் கொஞ்சுவதும் அதற்கு மேல். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த டேவிட் என்ற இயந்திர மனிதன் பாத்திரத்துக்காகவும் காட்சியமைப்புக்காகவும் அந்தப் படத்தை நான் மீண்டும் பார்ப்பேன். விமர்சனம் தவறு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

மத்தூர்: கூத்தைப் பற்றி நானும் ஒரு கருத்து சொல்லலாமா?

வேண்டாம், தம்பி. கூத்து வழக்கு முடிந்தது, பென்னாகரத்துக்காரர் வென்றுவிட்டார்.

தேன்கனிக்கோட்டை: சார், கதை வரிசைப்படி பார்த்தால் புரிதல் எளிதாக இருக்காதா?

அரூர் நண்பருக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

கிருஷ்ணகிரி: 'தி திங்' 1982இல் வெளியானபோது கடுமையாகத் திட்டப்பட்டது, இன்று அது செவ்வியல் படம். அப்படியென்றால் 2011இல் வந்த அதன் முன்கதையும் ஒருநாள் கொண்டாடப்படலாம் அல்லவா?

திட்டு வாங்கிய படமெல்லாம் பின்னாளில் மேன்மை பெறும் என்று விதி எதுவும் இல்லை. ஜான் கார்பென்டரின் அந்தப் படத்தில், உருமாறும் வேற்றுக்கிரக உயிருக்காக ராப் பாட்டின் என்ற கலைஞர் கையால் செய்த உருமாற்றங்களை அருவருப்பு என்று ஒதுக்கினார்கள். பின்னர் அதே அருவருப்பே கலை என்று ஏற்கப்பட்டது. அதாவது, பாராட்டத்தக்க ஒன்று முதல் நாளிலிருந்தே திரையில் இருந்தது. 2011ஆம் ஆண்டுப் படத்துக்கும் பொம்மை உருவங்களையும் இயந்திர உருவங்களையும் உழைத்துச் செய்தார்கள். பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றைக் கணினி வரைகலையால் மூடிவிட்டார்கள். மறைக்கப்பட்ட கைவேலையைக் காலம் எப்படிக் கண்டெடுக்கும்? 1982ஆம் ஆண்டுப் படத்தில் நார்வேக்காரர்களின் முகாமில் பதிந்து கிடந்த கோடரி எப்படி அங்கே வந்தது என்பதுவரை பொறுப்பாக விளக்குகிறார்கள். அந்தக் கோடரியைப் பற்றி நம்மில் யார் கேட்டோம்?

பர்கூர்: 'சோலோ' (2018) பற்றி?

அந்த 'ஸ்டார் வார்ஸ்' முன்கதையும் கோடரி வகைதான். நாயகனுக்கு 'சோலோ' என்ற பெயர் எப்படி வந்தது என்று ஓர் அதிகாரியைக் கொண்டு விளக்கினார்கள். ஆனாலும் விடுமுறை நாளில் பார்க்கலாம்.

ஊத்தங்கரை: நல்ல முன்கதை 'ரோக் ஒன்' தவிர வேறு இல்லையா?

2011இல் வந்த 'ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்'. மனிதன் வீழ்ந்து குரங்கினம் ஆளும் என்ற முடிவை 1968ஆம் ஆண்டுப் படத்திலிருந்தே அறிவோம். புதிய படம் பழைய படத்தின் மர்மத்தைத் தொடாமல், ஆய்வகக் கொடுமையையும் வளர்ப்பு அன்பையும் தன் பொருளாக எடுத்துக்கொண்டது. அடிமைப்பட்ட சீசர் என்ற குரங்கு முதன்முறையாக "இல்லை" என்று வாய் திறக்கும் காட்சிக்காகவே அதைப் பார்க்கலாம். ஆண்டி செர்கிஸின் நடிப்பு அது. பழைய படத்தைப் பார்க்காதவரையும் அது அசைக்கும்.

அஞ்செட்டி: 'பில்லா 2' முன்கதைதானே, அதைப் பற்றி?

முன்கதைதான், அறிவியல் புனைவு இல்லை. வேறு ஒருவரிடம் கேளுங்கள்.

ஓசூர்: எந்த வரிசையில் பார்ப்பது என்று...

வெளியான வரிசை. 1977 முதல். மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.

தருமபுரி: 'ஃப்யூரியோசா' 2024இல் வசூலில் தோற்றது. எனவே அதன் மீதான விமர்சனமும் சரிதானே?

விமர்சகர்களில் பெரும்பாலோர் அதைப் பாராட்டினார்கள் என்பதே உண்மை. தோற்றது வசூலில் மட்டும். 1999ஆம் ஆண்டு 'ஸ்டார் வார்ஸ்' முன்கதையோ அவ்வளவு வசையையும் வாங்கிக்கொண்டு முதல் வெளியீட்டிலேயே 90 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆகவே கல்லாப் பெட்டியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். 'ஃப்யூரியோசா'வைப் பொறுத்தவரை, அதற்கு மூலமான 2015ஆம் ஆண்டு 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தில் சில பார்வைகளிலேயே நமக்குப் புரிந்துவிட்ட அவளுடைய வலியை, பல ஆண்டுக் கதையாக விரித்திருக்க வேண்டுமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் படம் பழைய படத்தின் பொருளை எங்கும் திருத்தவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள், இரண்டையும் எந்த வரிசையில் பார்ப்பது என்று மட்டும் கேட்க வேண்டாம்.