ஒன்றரை லட்சம் ரூபாய் வயலினுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நான்கு வருடமாகக் கர்நாடக சங்கீத வயலின் கற்கிறாள். 7,000 ரூபாய்க்கு வாங்கிய வயலினில்தான் இன்றும் வாசிக்கிறாள். நல்ல நாதம் வர வேண்டுமென்றால் நல்ல வாத்தியம் வேண்டும் என்று சொல்லி, 1,50,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஐரோப்பிய வயலினை அவளுடைய ஆசிரியர் காட்டியிருக்கிறார். என் சம்பளம் மாதம் 52,000. பெர்சனல் லோன் எடுக்கலாமா? விலை கூடினால் நாதமும் கூடுமா? – திருச்சி வாசகர்

பதில்: லோன் வேண்டாம். ஆனால் உங்கள் ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

7,000 ரூபாய் வயலினுக்கும் நன்றாகச் செய்த வயலினுக்கும் வித்தியாசம் நிச்சயம் உண்டு. மலிவான வயலின்களில் பெரும்பாலும் குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) தடிமனாக இருக்கும், தந்தி உயரத்தில் நிற்கும், பிரடை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு) வழுக்கும். கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்க, விரலை இழுக்கும்போதெல்லாம் குழந்தை தந்தியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆனால் ஓரளவு நல்ல வாத்தியம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டால், விலை ஏறும் வேகத்தில் நாதம் ஏறுவதில்லை. அதற்குமேல் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பழமைக்கும் பெயருக்கும்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களிடம், வாத்தியம் கண்ணுக்குத் தெரியாதபடி கண்ணாடி மாட்டிவிட்டு, ஆறு வயலின்களை வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றும் ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி போன்ற மேதைகள் செய்த பழைய வயலின்கள். விலை புதியவற்றைப்போல் சுமார் நூறு மடங்கு. அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புதிய வயலின். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கு!

சரி, கணக்குக்கு வருவோம். 1,50,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 5,125 ரூபாய். வட்டி மட்டுமே 34,500 ரூபாய் போகும். அதற்குப் பதில் மாதம் 4,000 ரூபாய் வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பில்) போட்டு வந்தால், 6.5 சதவீத வட்டி கிடைக்கும் பட்சத்தில், அதே மூன்று வருடத்தில் சுமார் 1,59,000 சேர்ந்துவிடும். அப்போது அவளுக்கு 16 வயது. தனக்கு எந்த நாதம் வேண்டும் என்பதை அவளே சொல்வாள்.

அதுவரை? இப்போதுள்ள வயலினை நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து, குதிரையைச் செதுக்கி, பிரடையைச் சரிசெய்து, உள்ளே நிற்கும் சின்ன மரக்குச்சியைச் சரியான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தரமான தந்தியும் ஒரு நல்ல வில்லும் வாங்குங்கள். எல்லாம் சில ஆயிரங்களில் முடியும். நான் பார்த்தவரை பல வீடுகளில் இதைச் செய்யாமலேயே புது வாத்தியத்துக்குப் போய்விடுகிறார்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால், 25,000, 30,000 ரூபாயில் ஒரு வயலினைக் கையிருப்பிலிருந்து வாங்குங்கள்.

முதலீடாகவும் இருக்குமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்தவர் யார் என்பதற்கு நம்பகமான சான்றிதழ் இல்லாத பழைய வயலினை விற்கப் போனால், கொடுத்த விலை திரும்புவது கஷ்டம். அதை விற்பவர் யார், வாங்கிய பிறகு திருப்பித் தர முடியுமா என்று ஆசிரியரிடமே மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

வாங்கும் நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆசிரியர் இரண்டு மூன்று வயலின்களில் ஒரே வர்ணத்தை (கச்சேரித் தொடக்கத்தில் வாசிக்கும் உருப்படி) வாசிக்கட்டும். அவள் திரும்பி உட்கார்ந்து கேட்கட்டும், விலையை அதுவரை யாரும் சொல்ல வேண்டாம்.